‘நெகாராகூ’ மெட்டு வந்த வழி

பாட்டு வேறு, மெட்டு வேறு என்பது தமிழாசிரியர்க்குப் புதிய செய்தி அன்று. பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பர். புலவர் சொல்லைக் கட்டுவார்; மெட்டோ அதற்கு முன்பே ஊரார் வாயில் உலவிக்கொண்டிருக்கும். அதை முதன்முதல் இசைத்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவார் அரியர்.

மலேசிய நாட்டுப்பண்ணாகிய ‘நெகாராகூ’வின் மெட்டும் இத்தகையதே. மாணவர் எழுந்து நின்று பாடும் இம்மெட்டைப் பற்றி இரு வேறு கூற்றுகள் வழங்குகின்றன. பெராஞ்சே என்னும் பிரெஞ்சுக் கவிஞர் இயற்றியது என்பது ஒன்று. ‘தெராங் பூலான்’ என்னும் இந்தோனேசியப் பாட்டிலிருந்து எடுத்தது என்பது மற்றொன்று. முன்னது வினாவிடை நூல்களில் ஐயமற்ற உண்மைபோல் இடம்பெறுகிறது. பின்னது 2009-ஆம் ஆண்டில் ‘திருட்டு’ என்னும் பழியாகவே வெடித்தது. மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால் ஆசிரியர் எதைச் சொல்வது?

ஐயத்திற்கு இடமில்லாத செய்தியிலிருந்து தொடங்குவோம். 1957-இல் மலாயா விடுதலை பெறுமுன், நாட்டுப்பண்ணுக்காக உலகளாவிய போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 514 படைப்புகள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. பின்னர்ப் புகழ்பெற்ற இசையமைப்பாளரை நேரே அணுகினர். ஆங்கிலேயராகிய பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், இத்தாலியராகிய மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூர் நாட்டுப்பண்ணை அமைத்த சுபீர் சயித் ஆகியோர் அவர்கள். அவர்தம் இசையும் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழுவினரின் உள்ளத்தைத் தொடவில்லை. இறுதியில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டையே எடுத்துப் புதிய சொற்களை அமைத்தனர். 1957 ஆகஸ்டு 5-இல் அது ஏற்கப்பட்டது. உலகமெல்லாம் தேடிவிட்டு உள்ளூர் மெட்டுக்கே திரும்பினர் என்பது சுவையான செய்தி. அந்த உள்ளூர் மெட்டு எந்த ஊரது என்பதுதான் சிக்கல்.

இனிக் கதை இந்துமாக்கடலைத் தாண்டுகிறது. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் ஆங்கில ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டார். அக்கொலையில் உடந்தை என்று பேராக் சுல்தான் அப்துல்லா 1877-இல் செய்செல்சுத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அத்தீவுகள் 1814 முதல் ஆங்கிலேயர்க்கு உரியவை. ஆயினும் மக்களின் பேச்சும் பாட்டும் பிரெஞ்சு வழிப்பட்டனவாகவே இருந்தன. மாகே தீவில் ‘லா ரோசலி’ என்னும் பாட்டு வழங்கியதென்றும், சுல்தான் குடும்பத்தார் அதைக் கேட்டுப் பழகினர் என்றும் கூறுவர். மெட்டு அரசுப் பண்ணானதற்கும் ஒரு கதை உண்டு. ஏழாம் எட்வர்டு மன்னரின் 1902-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குச் சுல்தான் இத்ரிசு இலண்டன் சென்றார். அப்பயணத்தின்போது, ‘உங்கள் மாநிலப் பண் யாது?’ என்று ஆங்கில அதிகாரிகள் கேட்டனராம். இல்லை என்று சொல்ல நாணிய அரச குடும்பத்தார் ஒருவர், தமக்குத் தெரிந்த செய்செல்சு மெட்டை முனகிக் காட்டினாராம்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதே சற்று ஐயத்தையும் எழுப்புகிறது. எனினும் இதைப் புறந்தள்ளவும் இயலாது. சுல்தான் குடும்பம் செய்செல்சில் வாழ்ந்தது வரலாறு. இவ்வளவு தொலைவான தீவைப் பேராக்கின் பண்ணோடு இணைத்துக் கதை புனைய வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

பெராஞ்சேயைப் பற்றிய கூற்றையோ இவ்வளவு எளிதாக ஏற்க முடியாது. 1780 முதல் 1857 வரை வாழ்ந்த பியேர் ழான் தெ பெராஞ்சே பிரான்சு முழுதும் போற்றிய பாட்டுப் புலவர். அரசரை எள்ளிப் பாடிச் சிறை சென்றவர். ஆனால் அவர் சொற்புலவர். நாடறிந்த பழைய மெட்டுகளுக்குச் சொல் கட்டுவதே அவர் வழக்கம். அக்காலப் பாரிசில் மெட்டுகளைத் தொகுத்து எண்ணிட்டு அச்சிட்ட ‘லா க்ளே தூ கவோ’ என்னும் நூலே இருந்தது. பாட்டெழுதுவோர் அதைப் பார்த்து மெட்டைத் தேர்ந்துகொள்வர். நம் வர்ணமெட்டு முறையேதான், சற்றும் வேறன்று. ஆகவே ‘லா ரோசலி’யின் சொற்கள் பெராஞ்சேயுடையவை என்றே கொண்டாலும், மெட்டு அவருடையது என்பது பெறப்படாது. காவடிச்சிந்தின் மெட்டில் இன்று ஒருவர் பாட்டெழுதினால், அம்மெட்டை ஆக்கியவர் அவரே என்போமா?

இனித் ‘தெராங் பூலான்’. ‘நிலவொளி’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். பாங்சாவான் நாடக மேடைகளில் பாடப்பட்டு, மலாயாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் பரவிய காதற்பாட்டு இது. பாங்சாவான் என்பது தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. 1870-களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு மலாய்மொழியில் எழுந்த கலை அது. தமிழ் நாடகமேடையை மாற்றியமைத்ததும் அதே பார்சி நாடகந்தான். பாங்சாவான் குழுவினர் துறைமுகந்தோறும் சென்று, அங்கங்கே கேட்ட அராபிய, இந்திய, ஐரோப்பிய மெட்டுகளை எல்லாம் மேடையேற்றினர். எந்த மெட்டு எந்தக் கரையிலிருந்து ஏறியது என்று கணக்கு வைத்தவர் இலர். 1937-இல் ‘தெராங் பூலான்’ என்னும் பெயரிலேயே டச்சு இந்தியாவில் திரைப்படம் ஒன்று வெளிவந்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பேராதரவு பெற்றது. அப்படத்தின் படி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

படம் அழிந்தாலும் மெட்டு இசைத்தட்டுகளில் தங்கிவிட்டது. 1947-இல் இலண்டனில் ‘மமூலா மூன்’ என்ற பெயரில் ஹவாய்த் தீவு இசைப்பாணியில் அது பதிவானது. வாசித்தது பெலிக்சு மெண்டல்சோன் என்பாரின் குழு. (நூறாண்டுக்கு முன் மறைந்த செர்மானிய இசைமேதையின் பெயரைத் தாங்கியவர்; இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது.) அத்தட்டைக் கேட்ட ஆங்கிலேயர் அதை ஹவாய்ப் பாட்டு என்றே எண்ணியிருப்பர்.

இங்கே இசைத்தட்டு என்னும் சான்றின் வலிமையையும் வரம்பையும் நோக்க வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டின் நடுவே ஒட்டிய தாள் கிழிந்து போனாலும், ஒலிக்கோட்டுக்கும் தாளுக்கும் இடையே பொறித்த பதிவெண் நிற்கும். அதைக் கம்பெனிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பதிவான காலம் புலப்படும். ஆனால் அந்நாளுக்கு முன் அம்மெட்டு இருந்தது என்பதையே தட்டு மெய்ப்பிக்கும்; அங்கேதான் பிறந்தது என்று ஒருபோதும் மெய்ப்பிக்காது. ஒலிப்பதிவு ஒரு பாட்டின் பிறப்புச் சான்றிதழ் அன்று. இன்ன நாளில் உயிரோடு இருந்தது என்பதற்கான சாட்சிதான்.

அண்மையில் செர்மனியில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1984-ஐ ஒட்டி ஓர் இளைஞர் வட செர்மன் வானொலியிலிருந்து ஒலிநாடாவில் பதிந்த பாட்டு ஒன்று பெயரும் பாடகரும் தெரியாமல் நின்றது. 2007 முதல் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தேடினர். 2024 நவம்பரில், பழைய செய்தித்தாளில் வந்த இசைக்குழுச் செய்தியின் தடம் பற்றிச் சென்று, கீல் நகரத்து ‘பெக்சு’ குழுவின் பாட்டு என்று கண்டனர். அக்குழுவினரும் உயிரோடிருந்து அதை ஒப்புக்கொண்டனர். அங்கே மூலப்பதிவு கையில் இருந்தது, பெயர்தான் இல்லை. நெகாராகூவுக்கோ பெயர்கள் மிகுதி. செய்செல்சில் அன்று ஒலித்த இசையைப் பிடித்துவைத்த கருவிதான் இல்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்ததே சுல்தான் நாடு கடத்தப்பட்ட அந்த 1877-இல்தான்.

2009 ஆகஸ்டில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் மலேசியாவைப் பற்றிய தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டப்பட்டதால் இந்தோனேசியாவில் சினம் மூண்டது. அவ்வேளையில் சோலோ நகரின் லோகானந்தா இசைத்தட்டு நிலையத்திலிருந்த ‘தெராங் பூலான்’ பதிவைக் காட்டி, நெகாராகூவும் களவே என்றனர். மெட்டு ஒன்றே என்பதில் வழக்கில்லை. கேட்ட எவரும் உணர்வர். ஆனால் லோகானந்தா தொடங்கப்பட்டது 1956 அக்டோபரில். அதற்கு முன்பே பேராக்கில் அம்மெட்டு அரசுப் பண்ணாக ஒலித்துக்கொண்டிருந்தது. எனவே அப்பதிவு களவுக்குச் சான்றாகாது. அதற்காகப் பேராக்கே முந்தியது, மேடை பிந்தியது என்று முடிவு கட்டிவிடுவதும் பொருந்தாது. இரண்டும் ஒரே ஊற்றில் நீர் மொண்டிருக்கலாம் என்பதே நடுநிலையோடு சொல்லத்தக்கது.

மெட்டின் வேகம் கேட்போரை எவ்வளவு மயக்கும் என்பதற்கு நாட்டுப்பண்ணே சான்று. 1990-களில் அதை அணிநடைக்கேற்ப விரைவுபடுத்தினர். மக்களுக்கு அது ஒட்டவில்லை. 2003-இல் பழைய நடைக்கே மீட்டனர்.

சொகூர் மாநிலப் பண்ணுக்கு இத்தொல்லை இல்லை. 1879-இல் மெக்கெர்டிச் கலிஸ்தான் என்னும் ஆர்மீனியர் இசை அமைத்தார். 1914-இல் ஹாஜி முகமது சயித் மலாய்ச் சொற்களை எழுதினார். பெயரும் ஆண்டும் தெளிவாக நிற்கின்றன. ஆகவே வகுப்பில் கேட்கும் மாணவனுக்கு நெகாராகூவைப் பற்றி, ‘மெட்டு பேராக்கிலிருந்து வந்தது, அதற்குமுன் செய்செல்சில் வழங்கிய பிரெஞ்சுப் பாட்டு என்பர், பாங்சாவான் மேடையிலும் காதற்பாட்டாய் ஒலித்தது’ என்று மூன்று படியாய்ச் சொல்லலாம். ‘என்பர்’ என்னும் சொல்லை மட்டும் விட்டுவிடலாகாது.

பேராக் மாநிலம் 1957-இல் தன் மெட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்கவில்லை. அங்கே சுல்தானை வாழ்த்தும் பண் இன்றும் அதே மெட்டில்தான் முழங்குகிறது.