கடை விரிக்கவும் காசு, கண்ணில் படவும் காசு

ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்கால் வீதிகளில் மாம்பழம் மழையாய்ப் பொழியும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் மாடியிலிருந்து வீசும் பழத்தைப் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். அந்த மாங்கனித் திருவிழாவுக்குப் பின்னால் இருப்பது ஒரு வணிகர் வீட்டுச் சம்பவம். பரமதத்தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது இரண்டு பழம். அவன் மனைவி புனிதவதியார் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்த கணவன் ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதைக் கேட்டான். அதற்குப் பிறகு நடந்தது அற்புதம். புனிதவதியார் காரைக்கால் அம்மையார் ஆன வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால், 'இன்னொன்று எங்கே?' என்ற அந்தக் கேள்வி வியாபாரியின் கேள்வி. வீட்டுக்கு வந்த பழம் எத்தனை, போன பழம் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவன் பழக்கம்.

அதே ஊரில் இன்று லேப்டாப்பைத் திறந்துவைத்து உலகத்துக்கு வேலை விற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லோகோ வரைகிறார்கள், வீடியோ எடிட் செய்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ள மறந்துவிடுகிறார்கள்.

சொல்தா வீட்டுப் பெண்

பாரதியார் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் என் அக்கா வீடு. மச்சானின் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். தெருவில் இன்றும் அது 'சொல்தா வீடு'தான். 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். கொடி மாறினாலும் சில வீடுகளில் பிரெஞ்சு தங்கிவிட்டது. என் அக்கா மகள் அதைக் கல்லூரியிலும் படித்தாள். மூன்று வருடமாக ஃப்ரீலான்ஸ் தளங்களில் மொழிபெயர்ப்பு விற்கிறாள்.

பிரான்சு நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி. அதனால் அவளுக்கு வேலைநாள் மதியச் சாப்பாட்டோடு தொடங்கி, தெரு அடங்கிய பிறகுதான் முடிகிறது. 'வீட்டிலிருந்தே டாலர்' என்று ஒரு கட்டுரை வேண்டும் என ஆசிரியர் கேட்டதும், நான் நேராகப் போய் உட்கார்ந்தது அவள் மேசைக்குப் பக்கத்தில்.

"ஆர்டர் வருது மாமா. காசுதான் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

திரையைக் காட்டினாள். எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனை ஆர்டர் என்று பச்சைக் கோடுகள் ஏறியிருந்தன. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் இன்னொரு எண். அந்த மாதம் விளம்பரத்துக்குப் போன தொகை. "இது தனியா கட்டுறதில்ல மாமா. வர்ற வருமானத்துலயே கழிச்சுக்குவாங்க. அதனால கண்ணுக்குத் தெரியல."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இந்தக் கட்டுரையும் அங்கேதான் நிற்கிறது.

மீனைக் காட்ட ஏலம்

2010-இல் இஸ்ரேலில் தொடங்கிய ஒரு தளம், எந்த வேலையானாலும் 5 டாலர் என்று பலகை மாட்டிக்கொண்டு வந்தது. இன்று விலையை விற்பவர் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் 20 சதவீதம் தளத்துக்கு. அமெரிக்காவில் 1999-இலும் 2003-இலும் பிறந்த இரண்டு தளங்கள் 2013-இல் இணைப்பை அறிவித்து, 2015-இல் புதுப்பெயர் சூட்டிக்கொண்டன. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடவே 'கனெக்ட்' செலவழிக்க வேண்டும். ஒன்றின் விலை 15 சென்ட். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான்.

இதுவரை சந்தைக்கு வாடகை என்று சொல்லலாம். கடை போட்டால் வாடகை கொடுப்பது வழக்கம். பிறகு வந்ததுதான் எனக்குப் பயம் தருகிறது. தேடலில் மேலே வர வேண்டுமா? ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் கேள். விண்ணப்பம் மேலே தெரிய வேண்டுமா? கூடுதல் கனெக்ட் வைத்துப் போட்டி போடு. 'இப்போது வேலைக்குத் தயார்' என்ற அடையாளம் பெயருக்குப் பக்கத்தில் வேண்டுமா? அதற்கும் கனெக்ட்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் பார்த்தவர்களுக்கு இதன் தலைகீழ் சட்டென்று புரியும். அங்கே கடலுக்குப் போய் வந்தவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பார். விலை கேட்பவர் வாங்குகிறவர். மீனைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. தளத்திலோ மீன் கொண்டுவந்தவரே, தன் கூடையை முன்வரிசையில் வைக்கச் சொல்லிப் பக்கத்துக் கூடைக்காரரோடு ஏலம் போடுகிறார். வாங்குகிறவர் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தாலும், அவர் குனிந்து பார்த்ததற்குக் கட்டணம் உண்டு. பக்கத்துக் கூடை எத்தனை சென்ட் ஏற்றுகிறதோ அத்தனை இதுவும் ஏற வேண்டும். மீனின் தரம் ஒரு துளிகூட உயர்ந்திருக்காது.

ஒரு துண்டுத்தாளில் கணக்கு

அன்று மாலை அவளும் நானும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். எண்கள் நாங்கள் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை; ஆனால் கணக்குப் போகும் வழி இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் பொதுவானது.

ஆர்டர் 20 டாலர். கமிஷன் 20 சதவீதம் போனால் 16. ஒரு கிளிக்குக்கு 40 சென்ட் என்றும், இருபது கிளிக்குக்கு ஒரு ஆர்டர் என்றும் வைத்துக்கொண்டால் விளம்பரத்துக்கு 8 டாலர். மிச்சம் 8. பணம் அனுப்பும் சேவைக்கும் நாணய மாற்றுக்கும் சேர்த்து 3 சதவீதம். டாலருக்கு 85 ரூபாய் என்றால் கைக்கு வருவது ஏறக்குறைய 660 ரூபாய். திரையில் 1,700 ரூபாயாகத் தெரிந்த ஆர்டர்!

நேரம்? மொழிபெயர்க்க நான்கு மணி. வாடிக்கையாளரோடு பேச, அவர் கேட்ட திருத்தங்களைச் செய்ய ஒரு மணி. புது ஆர்டர் தேட, தளத்தில் வேலையை விற்கும் 'கிக்' பக்கத்தைச் சரிசெய்ய ஒரு மணி. ஆக ஆறு மணி. மணிக்கு 110 ரூபாய். அதிலும் வேலை முடிந்த பணம் விடுபட 14 நாள் காத்திருக்க வேண்டிய தளம் உண்டு. கிளிக்குக்கான காசு காத்திருப்பதில்லை.

தாளைப் பார்த்துவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை. "நாலு மணி நேர வேலைன்னுதான் இத்தனை நாளா விலை போட்டிருந்தேன்" என்றாள் கடைசியில்.

இத்தளங்கள் இல்லையென்றால் காரைக்காலில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு லியோனில் இருக்கும் வாடிக்கையாளர் எப்படிக் கிடைப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, புதிதாகக் கடை திறப்பவருக்கு முதல் நான்கு ஆர்டருக்கு விளம்பரம் கைகொடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கவலை ஐந்தாவது ஆர்டரிலிருந்து தொடங்குகிறது. விளம்பரம் ஆளை வாசல்வரைக்கும்தான் கூட்டிவரும். வந்தவர் திரும்பி வந்தால் அந்த 8 டாலர் முதலீடு. ஒவ்வொரு ஆர்டருக்கும் புது ஆளையே பிடிக்க வேண்டியிருந்தால் அது நிரந்தர வரி. இந்த வித்தியாசத்தைத் தளத்தின் பச்சைக் கோடு காட்டாது.

கப்பல் போன கரை

உழைப்பைக் கடல் தாண்டி அனுப்புவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் புறப்பட்டன. 1861-இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம், பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்க வழிதிறந்தது. தஞ்சைச் சீமையின் கிராமங்களில் மேஸ்திரிகள் அலைந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குத் தரகு. ஏமாற்றுவேலையும் கண்ணீரும் நிறைந்த வரலாறு அது. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவது 1882-இல் நிறுத்தப்பட்டது.

அந்தக் கொடுமையையும் இன்றைய மேசை வேலையையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள், விரும்பினால் மூடிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை. அன்று ஆள் பிடிக்கும் செலவு ஆள் தேவைப்பட்டவனுடையது. இன்று அந்தச் செலவு வேலை செய்பவர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பல ஊர், பல நாட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விலை ஏற்றிவிடும் ஏலமாக. இணையத்தில் வேலை விற்பவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய கூட்டம் என்று இத்துறையை அளக்கும் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அடுத்து வருவது வங்கதேசமும் பாகிஸ்தானும். ஏலத்தில் எதிரே நிற்பவர்களும் நம்மைப் போல் வீட்டு வாடகைக்கும் தங்கை படிப்புக்கும் உழைப்பவர்கள்தான்.

தடைக்காலம் இல்லாத கடல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் பெருக வேண்டும் என்பதற்காக விதித்த ஓய்வு. மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணமும் உண்டு. மேசைத் தொழிலில் அப்படி ஒரு காலம் கிடையாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் பதில் அனுப்பும் வேகம் குறைந்ததாகப் பதிவாகும். ஆர்டர் தாமதமானால் தரவரிசை சரியும். சரிந்ததை நிமிர்த்த விளம்பரத்தைக் கூட்டு என்று தோன்றும்.

டெல்டாக் கரையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபோது மின்சாரம் திரும்ப எத்தனை நாள் ஆயிற்று என்று நாகைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புயல் சின்னம் உருவானது என்று வானொலி சொன்னதும் அக்கா மெழுகுவத்தி வாங்கிவைப்பாள். மகள் ஆர்டர்களின் கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுத உட்கார்வாள். கூடவே விளம்பரத்தை நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டாள். மின்சாரம் இல்லாத வீட்டுக்குக் கிளிக் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சமூகப் பாதுகாப்பு என்று பார்த்தால், எல்லை வேறு குறுக்கே நிற்கிறது. நண்டலாற்றைத் தாண்டினாலும் வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. தளவழித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு 2023-இல் நலவாரியம் அமைத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் அதற்கு வெளியே. தேச அளவில், 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர், தளவழித் தொழிலாளர் என்ற சொற்களுக்கு அதில் இலக்கணம் உண்டு. ஆனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எல்லார் மனக்கண்ணிலும் நிற்பவர் சாப்பாட்டுப் பையோடு வண்டி ஓட்டுபவர். 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெளிநாட்டுக்கு உழைக்கும் பெண்ணை யாரும் தெருவில் பார்ப்பதில்லை. அவளுக்காகப் பேசவும் யாரும் வருவதில்லை.

நாற்பது பக்க நோட்டு

தீர்வு பெரிதாக எதுவுமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆறு கட்டம்: முழு மதிப்பு, கமிஷன், விளம்பரம் அல்லது கனெக்ட், பணமாற்றக் கழிவு, செலவான மொத்த நேரம், வாடிக்கையாளர் புதியவரா பழையவரா. வங்கிக்கு வந்ததை மட்டும் வருமானம் என்று எழுதுவது தவறு. முழு மதிப்பு வரவு, மற்றவை செலவு. சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பான 20 லட்சத்தையும் முழு மதிப்பை வைத்தே பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றை வங்கியிலோ பணமாற்றச் சேவையிலோ கேட்டு வாங்கிச் சேர்த்துவைப்பது பிறகு வரும் பல கேள்விகளுக்குப் பதிலாகும்.

விளம்பரத்துக்கு மாத உச்சவரம்பு வைத்து, அதைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். கிளிக் வந்தும் ஆர்டர் வராத கிக்குக்கு இன்னும் காசு கொட்டக் கூடாது. பழுது பக்கத்தில் இருக்கும். தளத்தில் வந்தவரைத் தளத்துக்கு வெளியே இழுக்கவும் கூடாது. கணக்கையே முடக்குவார்கள், வெளியே எடுத்துப்போகக் கட்டணம் வைத்திருக்கும் தளமும் உண்டு. வெளியிலேயே கிடைக்கும் வேலையைத் தனியாகத் தேட வேண்டும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக்கு வருபவர்களுக்கு அறை தரும் விடுதிக்கும் ஒரு நல்ல இணையப் பக்கம் தேவைப்படும்.

எல்லாவற்றையும்விட, மற்றவர்களால் செய்ய முடியாத வேலைக்கு வர வேண்டும். 'பிரெஞ்சு–ஆங்கில மொழிபெயர்ப்பு' என்ற கூட்டத்தில் நின்றால் இயந்திரமும் போட்டிக்கு வருகிறது. அங்கே ஏலம் ஓயாது. ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் குடும்பப் பெயரில் தமிழை வைத்துக்கொண்டு, தமிழ் படிக்கத் தெரியாமல் வேர் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய கடிதத்தையும் பத்திரத்தையும் படித்து, ஊரையும் உறவுமுறையையும் பிரெஞ்சில் விளக்கிச் சொல்ல, கப்பல் புறப்பட்ட கரையில் இருக்கும் பெண்ணைவிடப் பொருத்தமானவர் யார்? இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். மறுநாள் கிக் தலைப்பை மாற்றியிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். பழைய ஒப்பந்த நகல் ஒன்று திரையில் திறந்திருந்தது. மேசையில் நோட்டு. விளம்பரக் கட்டத்தில் பல வரிகளில் சிறு கோடு மட்டும் கிழித்திருந்தாள். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஆர்டர் குறைஞ்சிருக்கு மாமா" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் நோட்டை என் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"மிச்சம் கூடியிருக்கு."