செக் குடியரசின் தாழ்ந்த முனையில் ஒரு கிராமம்: மணற்கல் வளைவும் காட்டுத்தீயும் கண்ட ஹ்ரென்ஸ்கோ

செக் குடியரசின் வடக்கு எல்லையில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தை ஒட்டி அமைந்துள்ளது ஹ்ரென்ஸ்கோ கிராமம். சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் இச்சிற்றூரை நாடி ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர்.

கமெனிட்சே ஆறு எல்பே நதியில் கலக்கும் இடத்தில், செங்குத்தான மணற்கல் பாறைகளுக்கு இடையே நெருக்கமாக வீடுகள் அமைந்துள்ளன. எல்பே நதி செக் நாட்டை விட்டு வெளியேறும் இப்பகுதி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 115 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாட்டிலேயே மிகத் தாழ்வான இடம் இதுவே. இதனால் வெள்ள அபாயமும் அதிகம். 2002 மற்றும் 2013-ஆம் ஆண்டுகளில் எல்பே நதியில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் இக்கிராமம் பாதிக்கப்பட்டது.

மரத் தெப்பங்களால் வளர்ந்த ஊர்

காடுகளில் வெட்டப்பட்ட மரங்கள் கமெனிட்சே வழியாக மிதக்க விடப்பட்டு, எல்பேயில் தெப்பங்களாகக் கட்டப்பட்டு சாக்சனிக்குக் கொண்டு செல்லப்பட்டன. தெப்பக்காரர்கள் தங்கிச் சென்ற விடுதியைச் சுற்றியே ஊர் உருவானது. 'பிரபுவின் மதுவிடுதி' எனப் பொருள்படும் அதன் பழைய ஜெர்மன் பெயரான ஹெர்ன்ஸ்கிரெட்ஷன் இதற்குச் சான்றாக உள்ளது. ஊரின் நடுவே நிற்கும் புனித ஜான் நெபோமுக் தேவாலயம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது.

1938-ஆம் ஆண்டு மியூனிக் உடன்படிக்கையைத் தொடர்ந்து இப்பகுதி நாஜி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர், இங்கு பெரும்பான்மையாக வாழ்ந்த ஜெர்மன் மொழி பேசுவோர் வெளியேற்றப்பட்டனர். 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதியில் செக் குடியரசு இணைந்ததை அடுத்து எல்லைச் சோதனைகள் விலக்கப்பட்டன.

ஐரோப்பாவின் மிகப்பெரிய மணற்கல் வளைவு

கிராமத்துக்கு அருகே உள்ள பிராவ்ச்சிட்ஸ்கா பிரானா, ஐரோப்பாவின் மிகப்பெரிய இயற்கை மணற்கல் வளைவாகும். இதன் அகலம் 26.5 மீட்டர், உட்புற உயரம் 16 மீட்டர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலின் அடியில் படிந்த மணல் இறுகிப் பாறையானது. நீரும் உறைபனியும் அதை அரித்து இவ்வடிவத்தை உருவாக்கின. அரிப்பு தொடர்வதால், வளைவின் மீது ஏறுவதற்கு 1980-களிலேயே தடை விதிக்கப்பட்டது. வளைவை ஒட்டி நிற்கும் 'பருந்துக் கூடு' மாளிகையை 1881-ஆம் ஆண்டு கிளாரி-ஆல்ட்ரிங்கன் பிரபு குடும்பத்தினர் கட்டினர்.

கமெனிட்சே ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில், படகோட்டிகள் கழி ஊன்றிச் செலுத்தும் படகுச் சவாரி 1890-இல் தொடங்கப்பட்டது. இவை அனைத்தும் 2000-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட போஹிமிய சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை.

காட்டுத்தீ எழுப்பிய கேள்வி

2022 ஜூலை 24-ஆம் தேதி இங்கு பற்றிய தீ சுமார் மூன்று வாரங்கள் நீடித்தது. ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் பரப்பு பாதிக்கப்பட்டது. செக் குடியரசின் நவீன வரலாற்றில் இதுவே மிகப்பெரிய காட்டுத்தீ. ஹ்ரென்ஸ்கோ மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதன் ஒரு பகுதியான மெஸ்னாவில் சில வீடுகள் எரிந்தன. தீயை அணைக்க இத்தாலி, ஸ்வீடன் உள்ளிட்ட நாடுகள் விமானங்களை அனுப்பின. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என விசாரணையில் தெரியவந்தது.

வணிக நோக்கில் ஒரே இனமாக நடப்பட்ட ஸ்புரூஸ் மரங்கள், வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் ஏற்கெனவே காய்ந்து நின்றன. அவற்றை வெட்டாமல் இயற்கையிடமே விட்ட பூங்காவின் கொள்கை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. வெப்பமும் வறட்சியும் காற்றுமே தீப்பரவலுக்கு முக்கியக் காரணம் என்பது மறுதரப்பு வாதம்.

தீக்குப் பின் பள்ளத்தாக்குப் பாதைகள் மூடப்பட்டதால், சுற்றுலாவையே நம்பியுள்ள விடுதிகளும் கடைகளும் வருவாயை இழந்தன. அதே வேளையில், எரிந்த நிலத்தில் பிர்ச் உள்ளிட்ட மரக்கன்றுகள் நடப்படாமலேயே முளைத்து வருகின்றன. காட்டை அதன் போக்கில் விடுவதா, ஊரின் பாதுகாப்புக்காகத் தலையிடுவதா என்ற கேள்விக்கு, காட்டின் விளிம்பில் வாழும் ஹ்ரென்ஸ்கோ மக்கள் இரண்டும் சேர்ந்த ஒரு விடையையே எதிர்நோக்க வேண்டியுள்ளது.