பொய் சொல்லாத சென்சார்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில், கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நாங்கள் போன டீசல் வேன் திடீரென்று இழுவையை விட்டது. முதலில் பின்னால் கரும்புகை. அப்புறம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது. "லிம்ப் மோடுக்குப் போயிடுச்சு சார்" என்று ஓரம்கட்டினார் டிரைவர். போன வாரம்தான் இதே தொல்லைக்கு ஒரு பட்டறையில் பூஸ்ட் சென்சாரை மாற்றினார்களாம். கழற்றிய பழையதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் பருமனில் கறுப்பு பிளாஸ்டிக். ஒரு முனையில் நான்கு பின், மறுமுனையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும்.

புதுசு போட்டும் அதே கோளாறு என்றால், பழையது செய்த குற்றம்தான் என்ன?

டீசல் எஞ்சினுக்குச் சாப்பாடு டீசல் மட்டுமல்ல, காற்றும்தான். காற்று எவ்வளவு உள்ளே போகிறதோ அதற்கேற்ற டீசலைத்தான் சுத்தமாக எரிக்க முடியும். அதிகக் காற்றைத் திணிக்க வந்ததுதான் டர்போ. ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள்: வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும், மற்றது காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகப் போகிற புகையை இப்படி வேலை வாங்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வேனில் இருப்பது போன்ற சின்ன டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடுவதால், இன்டர்கூலர் வழியாகப் போய் ஆறிய பிறகே எஞ்சினுக்குள் நுழைகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் தடித்த ரப்பர் ஹோஸ்கள். இந்தப் பாதையின் கடைசியில்தான் நம் சென்சார் உட்கார்ந்திருக்கிறது.

அதன் வயிற்றுக்குள் இருப்பது மெல்லிய சிலிக்கான் சவ்வு. ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் எஞ்சினுக்குப் போகும் காற்று. அழுத்தம் கூடினால் சவ்வு வளையும். வளைந்தால் அதன் மேல் பதித்த மின்தடைகளின் அளவு மாறும். சிலிக்கானுக்கு இந்தக் குணம் நன்றாகவே உண்டு என்று 1954இல் சார்ல்ஸ் ஸ்மித் என்பவர் அளந்து காட்டினார். அந்த மாற்றம் வோல்டேஜாகி எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

ஒரு பக்கம் வெற்றிடம் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் விஷயமே இருக்கிறது. டயருக்குக் காற்று பிடிக்கும் மீட்டர் சும்மா இருக்கையில் பூஜ்யம் காட்டும். இது காட்டாது. எஞ்சின் நின்றிருந்தாலும் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை, கடற்கரையென்றால் சுமார் 101 கிலோபாஸ்கலை, காட்டும். டர்போ வேலை செய்யாதபோது அது வெறும் காற்றழுத்தமானிதான். ஆகவே அதைச் சோதிக்க எஞ்சினை ஓட்டவே வேண்டாம். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், ஸ்கேனரில் அது சொல்லும் எண்ணைப் பார்த்தால் போதும். பல வண்டிகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கத் தனியாக இன்னொரு சென்சார் இருக்கும். இரண்டு சாட்சிகளும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

கைபேசியோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன ஸ்கேனர் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும் (வீட்டில் இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல). செருகிப் பார்த்தேன். பூஸ்ட் சென்சார் 95, வெளிக்காற்று 95. கோட் பி0299.

இந்தக் கோட் எண்களைப் படிப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது என்பது என் கட்சி. பி0237 என்றால் சென்சாரிலிருந்து வரும் மின்சாரம் அளவுக்குக் கீழே. பி0238 என்றால் அளவுக்கு மேலே. இவை இரண்டும் சென்சாரையோ வயரையோ சந்தேகிக்கச் சொல்லும் கோட்கள். பி0236 என்றால், வருகிற எண் நம்பும்படி இல்லை. பி0299 வேறு ஜாதி: "கேட்ட அழுத்தம் வரவில்லை" என்பதே அதன் பொருள். சென்சாரின் பேச்சை நம்பித்தான் கம்ப்யூட்டர் அந்தப் புகாரையே எழுதுகிறது. எய்தவன் இருக்க அம்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

முதல் வகைக் கோட் வந்திருந்தால் மல்டிமீட்டரே போதும். ஒரு வயரில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். நான்காவது காற்றின் வெப்பநிலைக்கு. எஞ்சின் ஓடாதபோது சிக்னல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வோல்ட்டுக்குள் இருக்கும். பூஜ்யத்திலோ ஐந்திலோ போய் நின்றுவிட்டால் கப்ளரையும், உரசித் தோல் போன வயரையும் பாருங்கள். அந்த 5 வோல்ட்டையே வேறு சென்சார்களும் பங்கு போட்டுக்கொள்வதுண்டு. எங்கோ இன்னொன்று ஷார்ட் ஆகி, பழி இதன் மேல் விழும்.

சென்சாரே ஏமாற்றுகிற இடமும் ஒன்று உண்டு. புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாட்டால் கரியும், எஞ்சினின் எண்ணெய் ஆவியும் கலந்து அதன் துளையைத் தார் போல அடைக்கும். அப்போது நிற்கையில் சரியான எண் வரும், ஏறும்போது மட்டும் தாமதமாக வரும். அதற்கான ஸ்பிரேயால் கழுவலாம். ஊசியோ கம்பியோ விட்டுக் குடைந்தால் சவ்வு போய்விடும்.

எங்கள் வண்டியில் புது சென்சார் என்பதால் அந்தச் சந்தேகமும் இல்லை. மிச்சம் இருந்தவை டர்போ, அதைக் கட்டுப்படுத்தும் ஆக்டுவேட்டர், அதற்குப் போகும் சின்ன வேக்கம் குழாய், பெரிய ஹோஸ்கள். மிஞ்சி மிஞ்சி இருபது கிலோமீட்டர் வேகத்தில் குன்னூர் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு மெக்கானிக் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பானெட்டைத் தூக்கி, இன்டர்கூலர் ஹோஸின் அடிவயிற்றை விரலால் நெடுக வழித்தார். விரலில் எண்ணெய். "இங்கதான்ணே மூச்சு விடுது" என்று டிரைவரிடம் சொல்லி, கிளாம்ப் அருகே ஹோஸை இரண்டு கையாலும் அமுக்கினார். கெண்டை மீன் வாயைத் திறந்ததுபோல் ஒரு வெட்டு விரிந்து மூடியது. சும்மா இருக்கையில் கண்ணுக்கே தெரியாது. அழுத்தம் ஏறினால்தான் பிளக்கும். கரும்புகைக்கும் அதுவே காரணம்: உள்ளே நுழைந்த காற்றை முன்னாலேயே வேறொரு சென்சார் அளந்து, அதற்கேற்ற டீசலை ஊற்றச் சொல்லிவிட்டது, காற்றோ பாதி வழியில் தப்பித்துவிட்டது.

ஹோஸ் வாங்கிவர இரண்டு மணி நேரம், மாட்ட இருபது நிமிடம். அதற்குள் பழைய சென்சாரையும் அவர் ஸ்பிரே அடித்துக் கழுவிக் கொடுத்தார். அப்புறம் வண்டி ஊட்டி வரை ஒரே மூச்சில் ஏறியது.

ஊட்டியில் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, சாவியை ஆஃப் செய்து, புது சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பழையதில் மாட்டி, மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். 2,200 மீட்டருக்கு மேலான உயரம்; கைபேசியில் 78. வெளிக்காற்றும் 78. டிரைவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. சென்சார் முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, ஊதுங்கள் என்றேன். கன்னம் உப்ப ஊதினார். 79, 81, 82. மூச்சை விட்டதும் 78.

"நல்லாத்தானே இருக்கு" என்றார், என்னிடம் அல்ல, சென்சாரிடம்.