குடலிறக்க ஆபரேஷன்: செலவு குறைந்தால் குணமும் குறையுமா?

சாகண் வெங்காய மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர்களும், எம்.ஐ.டி.சி. தொழிற்சாலைகளில் பளு தூக்குபவர்களும் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. அதுதான் ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம். தசை வலுவிழந்த இடத்தில் குடல் பிதுங்கித் தொடையிடுக்கில் வீக்கமாகத் தெரியும். மாத்திரையாலோ பெல்ட்டாலோ இது குணமாவதில்லை, ஆபரேஷன்தான் வழி. ஆனால் செலவுக்குப் பயந்து, "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் நம்மவர்கள் பலர்.

கொசுவலை வைத்தியம்

பலவீனமான இடத்தில் பிளாஸ்டிக் இழையாலான வலையொன்றை வைத்துத் தைப்பதே இன்று பெரும்பாலும் கையாளப்படும் முறை. கம்பெனி வலையின் விலை ஏழைக்கு எட்டுவதில்லை. இதற்கு மாற்றுக் கண்டவர் மகாராஷ்டிரத்து டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர். சூரத்–புசாவல் ரயில் பாதையில், துலே ஜில்லாவிலுள்ள தோண்டாயிச்சா அவருடைய ஊர். கொசுவலைத் துணியை அளவாக நறுக்கி, ஆஸ்பத்திரியிலேயே நீராவியில் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். வேறு பல ஊர் டாக்டர்களும் சேர்ந்து 359 குடலிறக்கங்களைச் சரிசெய்த விவரம் 2003-ல் வெளியாயிற்று.

பிறகு உகாண்டா நாட்டில் 302 ஆண்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கொசுவலைத் துணி. மற்றவர்களுக்குக் கம்பெனி வலை. 2016-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டில் கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்கு நோய் திரும்பியது. மற்றப் பிரிவில் எவருக்கும் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் வந்த தொல்லைகள் இரு பிரிவிலும் நூற்றுக்கு 30 பேர் அளவில் சமமாகவே இருந்தன. வலையின் விலையோ ஒன்று 1 டாலர், மற்றது 125 டாலர்!

வலையே வேண்டாம்

புனே டாக்டர் மோகன் தேசர்டா இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோயாளியின் சொந்த வயிற்றுத் தசையுறையில் ஒரு பட்டையை, முழுதும் வெட்டி எடுக்காமல், பலவீனமான இடத்தின் மேல் இழுத்துத் தைத்தார். 400 நோயாளிகளுக்கு இப்படிச் செய்ததை 2001-ல் எழுதினார். போலந்து நாட்டில் 208 பேரை வைத்து இதனை வலை முறையுடன் ஒப்பிட்டனர். 2012-ல் வெளியான கணக்குப்படி, மூன்றாண்டுகளில் இரு பிரிவிலும் தலா 2 பேருக்கே நோய் திரும்பியது.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

விலை உயர்ந்ததே உயர்ந்த வைத்தியம் என்பதற்கில்லை. எந்த முறை, மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் பளு தூக்கலாம் என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளிக்குச் சிகிச்சையோடு, விதிப்படி தகுதியிருந்தால், லீவு நாட்களுக்குப் பணமும் உண்டு. மற்றவர்களுக்குப் புனே ஸ்டேஷன் அருகே ஸசூன் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது.

வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் கண்டால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். அப்போது ஊருக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது. அந்த மணி நேரமே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.