மழைக்கு முன் கூரை, பருவத்துக்கு முன் மூச்சு



ஈளை, இழுப்பு, முட்டு, ஆஸ்துமா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான். "முட்டு வந்தா பம்ப் அடிக்கிறோம். நின்னா வேலைக்குப் போறோம். இதுல பேச என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆஸ்துமாவில் உயிர் போகிறவர்கள் எல்லாரும் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்கள் அல்லர். நேற்று வரைக்கும் நடமாடியவர்களும் அதில் உண்டு. "லேசான முட்டுதானே" என்று இருந்தவர்களும் உண்டு. மருந்து இல்லாததால் மட்டும் இது நடப்பதில்லை. மருந்தைத் தப்பான நேரத்தில் எடுப்பதாலும் நடக்கிறது. ஆகவே இந்த மாதம் மூச்சைப் பற்றிப் பேசுவோம்.

நின்றது இழுப்பு, நோய் நிற்கவில்லை

நெஞ்சுக்குள் மூச்சுக் குழாய்கள் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகின்றன. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தூசி, பூஞ்சணம், பூனை முடி, கரப்பான் பூச்சியின் எச்சம் போன்றவை உள்ளே போனால் உடம்பு அதை எதிரி என்று எண்ணிச் சண்டைக்கு நிற்கிறது. அந்தச் சண்டையில் குழாயின் உட்புறம் வீங்குகிறது, சளி கட்டுகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. வழி குறுகிப் போவதால் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறது.

நீல நிறப் பம்ப், அதாவது வெண்டோலின் போன்ற மருந்து, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். "அப்பாடா, சரியாப் போச்சு" என்று நினைக்கிறோம். ஆனால் உள்வீக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த மழைக்கோ, அடுத்த புகைக்கோ, அடுத்த சளிக்கோ அது காத்திருக்கிறது.

அந்த வீக்கத்தைக் குறைப்பது வேறொரு பம்ப். அதைத் தடுப்புப் பம்ப் என்போம். பெரும்பாலும் பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நிறம் மாறியும் வரலாம் என்பதால் "இது தடுக்கிற மருந்தா, முட்டை நிறுத்துகிற மருந்தா?" என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் பருவம் பிறந்த பிறகு தேடினால் பயன் குறைவு. கூரை ஒழுகுகிறது என்று மழை கொட்டும்போது ஏணியைத் தேடுகிறவன் நனையத்தான் வேண்டும்.

நீலப் பம்ப் ஒன்றில் பொதுவாக 200 அழுத்தம் இருக்கும். ஓர் ஆண்டில் 3 பம்ப் அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடுமையான முட்டு வரும் அபாயம் கூடுகிறது. 12 பம்ப், அதாவது மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. இதைக் கண்டறிந்த பிறகுதான் ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு, பெரியவர்களும் 12 வயதைக் கடந்த பிள்ளைகளும் நீலப் பம்ப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று 2019-இல் அறிவித்தது. தடுப்பு மருந்தும் தளர்த்தும் மருந்தும் சேர்ந்த இரட்டைப் பம்ப்பும் இப்போது இருக்கிறது. உங்களுக்கு எது ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உங்களையே கேளுங்கள்: 4 கேள்விகள்

கடந்த 4 வாரங்களை நினைத்துப் பாருங்கள்.

1. பகலில் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் இழுப்பு வந்ததா?
2. ராத்திரியில் இருமலோ முட்டோ தூக்கத்தைக் கெடுத்ததா?
3. நீலப் பம்ப் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் தேவைப்பட்டதா?
4. மூச்சு முட்டுகிறது என்று வேலையை, விளையாட்டை, மாடிப்படியை விட்டீர்களா?

ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் நோய் முழுக்க அடங்கவில்லை. மூன்று நான்குக்கு 'ஆமாம்' என்றால் அடுத்த பருவம் வரை காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தோன்றும். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவோம்

"பம்ப் பழகிப் போயிடும். மாத்திரையே போதும்" என்று சொல்வோர் பலர். கணக்கைப் பாருங்கள். நீலப் பம்ப் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்து 4 மில்லிகிராம் மாத்திரையில் 40 மடங்கு இருக்கிறது. பம்ப் மருந்து நேராக நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் மாத்திரையில்தான் அதிகம். தடுப்புப் பம்ப்பில் இருக்கும் ஸ்டீராய்டும் அப்படியே மிகச் சிறிய அளவுதான். அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் வெள்ளை படிவதைத் தவிர்க்கலாம்.

பயப்பட வேண்டியது வேறு. சந்தையிலும் கைபேசியிலும் "ஒரே வாரத்தில் ஆஸ்துமா போகும்" என்று விற்கும் பெயர் தெரியாத பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்டவுடன் சுகம் தெரிவதும் அந்தக் கலப்படத்தால்தான். எம்.ஏ.எல். பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். பாட்டி வைத்துத் தரும் தூதுவளை ரசத்தைக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பொம்பளப் பிள்ளை பம்ப் வச்சிருக்கான்னு தெரிஞ்சா யாரு கட்டுவா?" என்று பம்ப்பை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. கல்யாணமான பிறகு மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் குளியலறையில் நின்று பம்ப் அடிக்கிறாள். கர்ப்பமானதும் பயந்து நிறுத்திவிடுகிறாள். தாய்மார்களே, கர்ப்பக் காலத்தில் தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் காற்று குறைகிறது. மருந்தை விட முட்டுதான் பிள்ளைக்குக் கெடுதல். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

நம் ஊர்ப் பருவங்கள்

*பிப்ரவரி, மார்ச்:* பால்மரம் இலை உதிர்க்கும் காலம். காய்ந்த சருகு, செம்மண் ரோட்டுப் புழுதி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் ஒன்றுசேரும். குப்பையைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். வாசலைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். முட்டுக்காரர் கையில் விளக்குமாறு வேண்டாம்.

*ஜூன் முதல் அக்டோபர் வரை:* புகைமூட்டக் காலம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிமண் காடு எரிந்தால் தென்மேற்குக் காற்று புகையை நம் பக்கம் கொண்டுவருகிறது. 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் குறியீடு 800-ஐத் தாண்டியது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2015, 2019 ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டன.

ஐ.பி.யு. என்று சொல்லப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைத் தினமும் கைபேசியில் பாருங்கள். 100-க்கு மேல் போனால் காற்று ஆரோக்கியமற்றது. 200-க்கு மேல் மிக மோசம். 300-க்கு மேல் அபாயம். 100-ஐத் தாண்டினாலே முட்டுக்காரப் பிள்ளையை வெளியே விளையாட விடாதீர்கள். ஈரக் கைக்குட்டையும் துணி முகமூடியும் அந்த நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 முகமூடிதான் தடுக்கும். அதைப் போட்டுப் பாரமான வேலை செய்தால் மூச்சு வாங்கும் என்பதால் இடையிடையே ஓய்வு தேவை.

*அக்டோபர் முதல் ஜனவரி வரை:* மழையும் தீபாவளியும் சேர்ந்து வரும். ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி பெருகுகிறது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குதான் அதற்கு இரை, ஈரம்தான் அதற்கு உயிர். வெயில் அடிக்கிற நாளில் மெத்தையையும் தலையணையையும் வெளியே போட்டுத் தட்டிக் காயவையுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 பாகைச் சுடுநீரில் துவையுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையில் முட்டுக்காரப் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப் போடாதீர்கள்.

தீபாவளிச் சுத்தத்தில் ஒட்டடை அடிப்பதும் சுவருக்குப் பெயின்ட் பூசுவதும் முட்டில்லாதவர் வேலை. முறுக்குச் சுடும் அடுப்புப் புகை, மத்தாப்பு, பட்டாசு, சாம்பிராணி எல்லாமே மூச்சுக்கு ஒன்றுதான். சாமிக்குப் புகை போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முட்டுக்காரர் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்குள் சிகரெட் கூடவே கூடாது.

மழைக்காலத்தில் சளிக் காய்ச்சல் பரவும். முட்டைக் கிளப்பிவிடுவதில் சளிதான் முன்னால் நிற்கிறது. ஃபுளூ தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

வேலை இடத்தில்

லீவு நாளில் மூச்சு லேசாகவும் வேலை நாளில் கனமாகவும் இருக்கிறதா? அதைத் தேதியோடு குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து தெளிப்பு, உரத் தூசி, ஆலைப் புகை எதுவும் காரணமாக இருக்கலாம். வேலையால் வந்த ஆஸ்துமா, 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சொக்சோவில் மனுச் செய்யலாம். ஆனால் எழுத்தில் பதிவு இல்லாவிட்டால் பேச்சு எடுபடாது.

முட்டுக்காரரை மருந்து தெளிப்பு வேலைக்குப் போடாமல் மாற்று வேலை கேட்க வேண்டும். தனியாகக் கேட்கத் தயங்கினால் தோட்டக் கமிட்டி மூலம் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. வேலைக்குப் போகும்போது நீலப் பம்ப் சட்டைப் பையில் இருக்கட்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் பம்ப் காட்டில் உதவாது.

முட்டு வந்த ராத்திரி

ஆளைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். சுற்றி நின்று கூட்டம் போடாதீர்கள். பிறகு நாலு, நாலு, நாலு என்று நினைவில் வையுங்கள். நீலப் பம்ப்பைக் குலுக்கி, ஸ்பேசர் என்னும் குழாயில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி 4 மூச்சு இழுக்க வேண்டும். இப்படி 4 முறை அழுத்த வேண்டும். 4 நிமிடம் காத்திருந்து பாருங்கள். குறையாவிட்டால் மறுபடியும் 4 முறை. அப்போதும் குறையாவிட்டால் 999-க்கு அழையுங்கள் அல்லது உடனே புறப்படுங்கள். போகும் வழியிலும் இதையே தொடருங்கள். ஸ்பேசர் இல்லையென்றால் இன்றே கிளினிக்கில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கீழ்க்கண்டதில் ஒன்று இருந்தாலும் 4 நிமிடம் பார்க்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி:

- ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை.
- உதடு, நகம் நீலம் பாய்கிறது.
- மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே போகிறது.
- ஆள் சோர்ந்து மயங்குகிறார்.
- இழுத்த சத்தம் திடீரென்று நின்றும் ஆள் தேறவில்லை. சத்தம் நின்றது சுகம் அல்ல. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் 'கேஸ்' வைத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை சாப்பிட்டு, சில நாட்களுக்குள் கிளினிக் டாக்டரைப் பாருங்கள். ஒரு முறை கடுமையாக வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம்.

தோட்டம் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆம்புலன்ஸ் வர நேரமாகும். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் யாரிடம் கார் இருக்கிறது, ராத்திரி 2 மணிக்கு யாரை எழுப்பலாம் என்று இப்போதே பேசி வையுங்கள். முட்டுக்காரரை மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், வழியில் மயங்கினால் விழுந்துவிடுவார்.

இந்த வாரமே வீட்டில் உள்ள பம்ப்புகளை எடுத்து மேசை மேல் வையுங்கள். தேதி முடிந்துவிட்டதா, மருந்து மிச்சம் இருக்கிறதா, தடுப்புப் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கிளினிக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை ராத்திரி இருமுகிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.