கெண்டைத் தூண்டில் பந்தயம்

இங்கிலாந்தின் சிற்றூர்களைச் சூழ்ந்த பண்ணை நிலங்களின் நடுவே, தூண்டில் போடுவதற்கென்றே வெட்டி, மீன் விட்டு, கரையோரங்களில் நாணலும் அல்லியும் வளர்த்துப் பரிபாலிக்கப்படும் ஏரிகள் பல உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்த் தூண்டிற் சங்கத்தினர் இருபது முப்பது பேராக அங்கே கூடித் தங்களுக்குள் ஒரு நட்புப் பந்தயம் நடத்திக்கொள்வது நெடுநாளைய வழக்கம். பந்தயத்தின் நியமம் மிக எளியது. குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்குள், யார் பிடித்த மீன்களின் மொத்த எடை அதிகமோ அவரே ஜயித்தவர். எடை பார்த்த மறுகணமே மீன்கள் அத்தனையும் உயிரோடு ஏரிக்குத் திரும்பிவிடும். இந்தக் கடைசி நிபந்தனையே பந்தயத்தின் பிற அம்சங்கள் யாவற்றுக்கும் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். பிடித்த மீன் சட்டிக்குப் போகுமானால் ஏரியில் எஞ்சியிருப்பவை தூண்டிலை அறியாத மீன்களாகவே இருக்கும். திரும்பி விடப்படுவதனாலேயோ, அந்த நீரில் வாழும் கெண்டைகளிற் பெரும்பாலானவை முள்ளின் ருசியை முன்னரே கண்டவை.

கெண்டைக்கு அப்படி நினைவு வைத்துக்கொள்ளும் சக்தி உண்டா என்று ஐயுறுவோருக்கு விஞ்ஞானம் விடை அளித்திருக்கிறது. நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளரான பியூக்கமா என்பவர் குளத்துக் கெண்டைகளைத் தூண்டிலிட்டுப் பரிசோதித்துத் தாம் கண்டதை 1970ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரே ஒரு முறை அகப்பட்டு மீண்ட அனுபவமே அம்மீனைப் பெரிதும் எச்சரிக்கை உடையதாக்கிவிடுகிறது என்றும், அந்த எச்சரிக்கை நெடுங்காலம் நீடிக்கிறது என்றும் அவர் கண்டார். ஆகவே, இந்தப் பந்தயத்தில் பிரயோகிக்கப்படும் கருவி ஒவ்வொன்றும், கற்றுக்கொள்ளும் இயல்புடைய ஒரு ஜீவனுக்கு மனிதன் கண்டுபிடித்த மறுமொழி என்றே கொள்ள வேண்டும்.

இங்கே நாம் பேசும் மீன் நமது காவிரியிலும் ஏரிகளிலும் துள்ளும் சிறு கெண்டை அன்று. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் டான்யூப் நதி, கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றின் நீர்ப்பரப்புகளைத் தாயகமாகக் கொண்டு, மனிதனால் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட சாதாக்கெண்டை அது. உடல் முழுவதும் ஒழுங்காகச் செதில் போர்த்தது ஒரு வகை. ஆங்காங்கே மட்டும் பெரிய, பளபளக்கும் செதில்களை உடைய கண்ணாடிக் கெண்டை மற்றொரு வகை. செதிலே அநேகமாக இல்லாத தோல் கெண்டை மூன்றாவது. மூன்றும் ஒரே இனமே. நீலகிரியின் உதகமண்டலத்து ஏரியில் இன்றும் காணப்படும் கண்ணாடிக் கெண்டையின் முன்னோர் 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

ஐரோப்பிய மடாலயங்களில் வாழ்ந்த துறவிகள் விரத நாட்களின் ஆகாரத்துக்காக இம்மீனைக் குளங்களில் வளர்த்தார்கள். பொஹீமியாவில் 16ஆம் நூற்றாண்டில் கெண்டைக்காகவே வெட்டப்பட்ட மாபெரும் குளங்கள் இன்றும் அறுவடை ஆகின்றன. கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் அந்நாட்டார் கெண்டை வறுவலை விட்டுக்கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் இதே மீன் நதிகளைக் கலக்கிப் பாழாக்கும் பகையாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்திலோ இதன் கதி வேறுவிதமாக அமைந்தது. 1496ஆம் ஆண்டு அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று, கெண்டை அந்நாட்டில் அரிய மீன் என்று குறிப்பிடுகிறது. 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற நூலிலோ கெண்டை நதிகளின் ராணியாக உயர்ந்துவிடுகிறது. ஆயினும் பெருங்கெண்டையைத் தூண்டிலிற் பிடிப்பது மனித யத்தனத்துக்கு அப்பாற்பட்டது, தற்செயலாக வாய்த்தால் உண்டு என்ற எண்ணமே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அங்கே நிலவிற்று.

ஏன் அப்படி எண்ணினார்கள் என்பதை அறிய, கெண்டையின் வாயைச் சற்று உற்று நோக்க வேண்டும். அதன் தாடைகளில் பற்களே கிடையா. இரு பக்கங்களிலும் இரண்டிரண்டாக மீசை போன்ற தொங்கல்கள். அவற்றிலும், உதடுகளிலும், உடலின் மேற்பரப்பிலும்கூட ருசி அறியும் நுண்ணுறுப்புகள் பரந்து கிடக்கின்றன. சேற்றில் இரையை உணர்ந்ததும் உதடுகளைக் குழாயாக முன்னுக்கு நீட்டி, நீரோடும் மண்ணோடும் சேர்த்து ஓர் உறிஞ்சில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாயின் மேற்கூரையில் தடித்த சதைப்பகுதி ஒன்று இருக்கிறது. உள்ளே வந்தவற்றில் எது ஆகாரம், எது கல், எது மண் என்று பிரித்தறிவது அதன் தொழில். வேண்டாதவற்றை வாய் வழியாகவும் செவுள் வழியாகவும் வெளியே தள்ளிவிட்டு, வேண்டியதைத் தொண்டைக்கு அனுப்புகிறது. பற்கள் இருப்பது அந்தத் தொண்டையிலேதான். நத்தை ஓட்டையும் நொறுக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. இந்த உறிஞ்சுதலும் உமிழ்தலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நிகழ்ந்து முடிகின்றன. கரையில் அமர்ந்திருப்பவன் தக்கையின் அசைவைக் கண்டு கையைச் சுண்டுவதற்குள், முள்ளின் கடினத்தை உணர்ந்த கெண்டை இரையைத் துப்பிவிட்டுச் சாவதானமாக நகர்ந்துவிடும்.

வாய் மட்டுமா? அதன் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று உண்டு. நீரில் பரவும் ஒலியால் காற்றுப்பை அதிர, அந்த அதிர்வை இவ்வெலும்புகள் செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகையால் கெண்டையின் கேள்விப்புலன் மற்றப் பல மீன்களினும் கூர்மையானது. கரையில் பெட்டியைத் தொப்பென்று வைப்பவரையும் பூட்ஸ் காலால் பலகையைத் தட்டுபவரையும் அனுபவசாலிகள் கடிந்துகொள்வது இதனால்தான்.

இந்த சுபாவங்களையெல்லாம் ஒரு பொறியாளனுக்குரிய தர்க்கத்தோடு ஆராய்ந்து, கெண்டையை வெல்லலாம் என்று ஸ்தாபித்தவர் ரிச்சர்ட் வாக்கர். ஹெரிஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ரெட்மயர் என்றொரு சிறு குளம் உண்டு. 1934ஆம் ஆண்டு அதில் ஐம்பது கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தார்கள். 1951இல் பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் அங்கே 31 பவுண்டுக்கு மேற்பட்ட மீன் ஒன்றைப் பிடித்து, அதுவரை நாட்டில் நிலவிய சாதனையைக் கடந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி அதே குளத்தில் வாக்கர் பிடித்தது 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. அம்மீனைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்; அது அங்கே 1971ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. கெண்டையின் பலத்துக்கு ஈடுகொடுக்கும் மூங்கிற் கோல் ஒன்றை வகுத்தமைத்ததும், மீன் தூண்டில் நரம்பை இழுத்ததும் ஒலி எழுப்பும் மின்சாரக் கருவியைப் பிரபலமாக்கியதும் அவருடைய பிற தொண்டுகள். சாதனைச் செய்தியைக் காட்டிலும், இம்மீன் கண்ணாடித் தொட்டியில் மக்கள் கண்முன்னே பத்தொன்பது ஆண்டு உயிரோடு உலவியதே, பிடித்ததைத் திருப்பி விட வேண்டும் என்னும் எண்ணத்துக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பின்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. அதுதான் மேலே சொன்ன உமிழும் வித்தை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் லென்னி மிடில்டன், கெவின் மடாக்ஸ் என்னும் இருவர் கண்ணாடித் தொட்டியில் கெண்டை உண்ணும் விதத்தைக் கவனித்து ஒரு யுக்தி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து ஒரு மெல்லிய இழையில் கோத்துத் தொங்கவிட்டார்கள். முதலில் அதற்கு உபயோகித்தது மனிதத் தலைமயிரே என்பதால் இன்றும் அதை மயிரிழைக் கட்டு என்ற பொருளில் அழைக்கிறார்கள். இரை தனியே தொங்குவதால் கெண்டை அதை ஐயமின்றி உறிஞ்சுகிறது; வெறும் முள் பின்தொடர்ந்து உள்ளே போகிறது. துப்ப முற்படும்போது முள் திரும்பி உதட்டின் உட்புறத்தில் தைக்கிறது. திடுக்கிட்டு ஓடும் மீனைக் கனமான ஈயக்குண்டு ஒன்று தடுக்க, முள் தானாகவே ஆழப் பதிகிறது. மீனின் தற்காப்புச் செயலையே அதைப் பிடிக்கும் சாதனமாக்கிய இந்தச் சிறு இழை, தூண்டில் வரலாற்றில் ரீலுக்கு நிகரான கண்டுபிடிப்பு என்று சொல்லத் துணிவேன்.

இனிப் பந்தய நாளுக்கு வருவோம். கரையைச் சுற்றிலும் எண்ணிட்ட இடங்கள் உண்டு. ‘பெக்’ என்பது அவற்றின் பெயர். காலையில் ஒரு பைக்குள் கைவிட்டு ஒவ்வொருவரும் தத்தம் எண்ணை எடுக்கிறார்கள். எந்த எண் யாருக்கு வாய்க்கிறது என்பது முழுக்க அதிர்ஷ்டம். தீவின் எதிரே, அல்லது காற்று மோதும் கரையில் இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. வெதுவெதுப்பான காற்று சில நாட்களாக ஒரே திசையில் வீசினால் கெண்டைகள் அது மோதும் கரையைப் பெரிதும் நாடுவது அனுபவத்தில் கண்ட உண்மை. அதிர்ஷ்டத்தின் ஆதிக்கத்தைக் குறைக்கவே ஏரியைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பரிசு என்று வைத்திருக்கிறார்கள். மோசமான கரையில் அமர்ந்தவனும், அதே கரையில் அமர்ந்த தன் அண்டையரை வென்றால் பரிசு பெறுவான். இது மிக நியாயமான ஏற்பாடு.

சீழ்க்கை ஒலித்ததும் யாவரும் ஒரே நேரத்தில் தூண்டிலை இறக்குகிறார்கள். சிலருடைய கையில் 16 மீட்டர்வரை நீளும் கார்பன் இழைக் கோல். அதில் ரீல் கிடையாது. கோலின் நுனிப்பகுதிக்குள் ஓடும் எலாஸ்டிக் நாடா நீண்டு நீண்டு மீனின் வேகத்தைத் தணிக்கிறது. கோல் நீளமாயிருப்பதால் தக்கை விரும்பிய இடத்தில் அங்குலம் பிசகாமல் நிற்கும். இரையைத் தூவும் இடமும் முள் இருக்கும் இடமும் ஒன்றாகவே அமையும். வேறு சிலர் ரீல் பொருத்திய கோலில் ‘மெத்தட் ஃபீடர்’ என்னும் கனமான தட்டைச் சட்டத்தைக் கட்டி, நனைத்த தீவனக் குறுணையை அச்சில் வைத்து அதன்மேல் அழுத்தி, நான்கு அங்குல நரம்பில் கட்டிய முள்ளை அக்குறுணைக்குள் பொதிந்து தூரத்தில் எறிகிறார்கள். அடியில் தங்கியபின் குறுணை கரைந்து சிறு குவியலாகும். அதை உறிஞ்ச வரும் கெண்டை நடுவிலுள்ள இரையையும் சேர்த்து உறிஞ்சுகிறது. இனிப்புச் சோளம், புழு, ரொட்டி, தீவனக் குறுணை ஆகியவை வழக்கமான இரைகள். சமைக்காத கடலை வகைகள் மீனுக்குத் தீங்கு செய்யும் என்பதால் பல ஏரிகளில் விலக்கப்பட்டிருக்கின்றன.

எவ்வளவு இரை தூவுவது என்பதில்தான் வல்லவனும் சாதாரணனும் பிரிகிறார்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்வதால் ஒரே சமயத்தில் நிறைய உண்ணாமல், சிறிது சிறிதாக ஓயாமல் மேய்ந்துகொண்டே இருப்பது அதன் வாழ்க்கை. ஆகையால் நாலைந்து குறுணைகளைச் சில விநாடிகளுக்கொருமுறை தூவிக்கொண்டே இருப்பவன் மீனைத் தன் இடத்தில் நிறுத்திவைக்கிறான். அவை நீரில் விழும் சலசலப்பே, தீவனம் உண்டு வளர்ந்த இம்மீன்களுக்கு அழைப்பாகிறது. அளவு மீறித் தூவினாலோ மீன்கள் அடித்தரையை விட்டெழுந்து இடைநீரில் முண்டியடித்து நரம்பில் உரசும், தக்கை அமிழும், கையைச் சுண்டினால் முள் வாயில் தைக்காமல் செதிலிலோ துடுப்பிலோ மாட்டும். குளிர்காலத்தில் நிலைமை வேறு. நீரின் வெப்பம் குறையக் குறையக் கெண்டையின் ஜீரணமும் மந்தமாகும். அப்போது ஒரு கைப்பிடி இரை நாள் முழுவதுக்கும் அதிகமாகலாம்.

கோடையில் தேர்ந்தவர்கள் செய்யும் தந்திரம் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. காலை முதலே தம் காலடியில், கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில், முள்ளில்லாமல் இரையை மட்டும் அவ்வப்போது போட்டு வருவார்கள். அங்கே தூண்டில் இறக்கவே மாட்டார்கள். கரைச் சந்தடி ஓய்ந்து, பொழுது சாய, பெரிய கெண்டைகள் துணிவு கொண்டு கரையை நாடும். கடைசி ஒரு மணி நேரத்தில் கோலைச் சுருக்கி அங்கே இறக்குபவர், நாலு மணி நேரத்தில் சேர்த்ததைக் காட்டிலும் அதிக எடையைச் சேர்த்துவிடுவதும் உண்டு. பின்தங்கியிருந்தவர் முன்னேறுவதும், முன்னணியில் இருந்தவர் தோற்பதும் பெரும்பாலும் அந்த வேளையிலேதான்.

மறுபடியும் சீழ்க்கை. தராசோடு இருவர் கரையைச் சுற்றி வர, மற்றவர்களும் கூடவே நடந்து ஒவ்வொருவர் மீனையும் பார்க்கிறார்கள். பிடித்த மீன்கள் அதுவரை நீருக்குள் தாழ்த்திய நீண்ட குழல்வலையில் இருந்தவை. நெருக்கத்தால் அவை நலியாதபடி ஒரு வலைக்கு இத்தனை பவுண்டுதான் என்ற வரம்பை ஏரிக்காரர் விதித்திருப்பார். முடிச்சில்லாத மென்வலை, நுனியில் எதிர்முள் இல்லாத தூண்டில், நனைத்த கை, மீனைக் கிடத்த ஈரமான மெத்தை என்று பல நியமங்கள் உண்டு. இவற்றிற் பெரும்பாலானவை கெண்டையின் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான கோழைப் படலத்தைக் காப்பதற்காக ஏற்பட்டவை. அந்தப் படலம் கிழிந்த இடத்தில் நோய்க்கிருமி நுழையும்.

நோயைப் பற்றிய அச்சம் வீண் அச்சம் அன்று. 1990களின் இறுதியில் அடையாளம் காணப்பட்ட கோய் ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ், கோடை வெப்பத்தில் ஓர் ஏரியின் கெண்டைகளிற் பெரும்பகுதியைக் கொன்றுவிடக்கூடியது. ஈரமான வலை ஒன்றே அதை ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கொண்டுபோகப் போதும். ஆகையால் பல ஏரிகளில் கிருமிநாசினி நிறைந்த தொட்டி வாயிலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. வருபவர்கள் வலைகளை அதில் முக்கி எடுத்த பின்னரே கரையில் இறங்கலாம். நோயைத் தம் ஏரிக்குள் நுழையவிடாமல் தடுக்க விரும்பும் சில சொந்தக்காரர்கள் வெளி வலைகளையே அனுமதிப்பதில்லை. ஏரிக்குரிய வலைகளைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்து, மாலையில் திரும்பப் பெற்று, வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள்.