கண்மாய்க்கு ஒரு மைக்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து டீக்கடைகளில் பேச்சு சூடாவதற்குத் தேர்தல் வரத் தேவையில்லை. கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை யார் ஏலம் எடுத்தார், எவ்வளவுக்குப் போனது, பணம் எந்தக் கணக்கில் ஏறியது என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். இதைத் தெருவில் பேசலாம், வாட்ஸ்அப்பில் பேசலாம், யூடியூபில் போடலாம். சமுதாய வானொலியில் மட்டும் பேச முடியாது. செய்தியும் அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சியும் அங்கே கூடாது என்பது உரிமத்தோடு வரும் நிபந்தனை.

காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு 2002-லும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-லும் கதவு திறந்தது. நாட்டின் முதல் வளாக வானொலியே நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம்தான். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. இன்று நாடு முழுக்க 500-ஐ ஒட்டிய நிலையங்கள் இருக்கின்றன. அந்த நிபந்தனை மட்டும் அசையவில்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம். மழை எச்சரிக்கை சொல்லலாம். நாளை குடிநீர் வரும் என்று நிர்வாகம் தந்த அறிவிப்பைப் படிக்கலாம். இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று ஊராட்சி அலுவலகத்தில் மைக்கை நீட்டினால், அது எந்தக் கணக்கில் சேருமோ என்ற பயம் வந்துவிடும். உரிமத்தைப் பணயம் வைத்து யார் கேட்பார்கள்?

பாலவனத்தத்தில் ஒரு நிலையம் அமைந்தால் எப்படி இருக்கும்? 100 வாட் திறன், 30 மீட்டர் கம்பம், 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றுவட்டாரம். மலை மறைக்காத கரிசல் சமவெளியில் எஃப்எம் அலை தடையில்லாமல் ஓடும். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் ஊர் என்பதால் இரண்டு பக்கமும் கேட்கும். திருச்சுழிக்குத் தனியாக ஒன்று வேண்டும். பேச்சுக்கும் பொதுக்காரியத்துக்கும் பேர்போன மண் இது. 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் இந்த ஊரின் ஜமீன்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தோள் கொடுத்தவர்.

அந்த நிலையம் சூழலியல் பேசப் பனிமலை உருகுவதைச் சொல்லத் தேவையில்லை. சீமைக்கருவேலம் ஒன்று போதும். காய் இனிப்பாக இருப்பதால் ஆடு தின்கிறது. புழுக்கையோடு விதை விழுந்து முளைக்கிறது. மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. ஆனால் கரிமூட்டம் போடுகிறவரின் கதை வேறு. விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, தீ வைத்துவிட்டு, பகலிரவாகப் பக்கத்திலேயே கிடப்பார். வெள்ளையாக வரும் புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்காவது மண் விரிந்து காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பல். மழை பொய்த்த ஆண்டில் பல வீடுகளில் உலை கொதிப்பது அந்தக் கரியால்.

கோவிலாங்குளத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி, மூட்டக்காரர், ஆடு மேய்க்கும் அக்கா, மடை திறக்கும் நீர்பாய்ச்சி ஆகிய நான்கு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் அதைவிடச் சிறந்த அறிவியல் நிகழ்ச்சி எது? பேச்சு ஐந்தாவது நிமிடத்தில் ஏலத்துக்கு வந்து சேரும். அங்கே மைக்கை அணைக்க வேண்டியிருக்கிறது. வரத்துக்கால் ஆக்கிரமிப்பைச் சொல்லாமல் நிலத்தடி நீரைப் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது? என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

வானொலிக்கு வலுவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லித் தஞ்சையில் பரவிய ஏடிடி 27 நெல்லுக்கு உழவர்கள் வைத்த பெயரே ரேடியோ நெல். தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்தும் சங்கம் ரேடியோ, மானாவாரிச் சிறுதானியத்தைப் பற்றி அவர்கள் வட்டார மொழியிலேயே பேசுகிறது. நமக்குப் பக்கத்திலேயே பாம்பனில், 2016 முதல் கடல் ஓசை எஃப்எம் மீனவர்களுக்காக ஒலிக்கிறது. கடலுக்குக் கடல் ஓசை என்றால் கரிசலுக்கு ஒன்று வேண்டாமா?

பாட்டுக்கும் இடம் வேண்டும். பங்குனிப் பொங்கல் தொடங்கிச் சித்திரை முடிய விடிய விடிய வள்ளி திருமணம் போடும் ராஜபார்ட்டும் பபூனும், நையாண்டி மேளக்காரரும், முளைப்பாரிக்குக் கும்மி பாடும் பெண்களும் அதற்குப் பிறகு எங்கே போகிறார்கள்? விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே செல்போனில் சொந்தப் பாட்டுப் பதிவுசெய்யும் பையன்களுக்கும் சினிமாவை விட்டால் வாசல் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மாணவர்கள் 1975-இல் தொடங்கிய ஃபோர் டிரிபிள் இசட் நிலையம், 1977-இல் தெரு ஊர்வலத்துக்குத் தடை வந்தபோது அதை எதிர்த்த போராட்டங்களைச் சொன்னது. உள்ளூர் இசைக்குழுக்களின் பாட்டையும் போட்டது. இரண்டையும் ஒரே நிலையம் செய்ததால்தான் இளைஞர்கள் காது கொடுத்தார்கள்.

சாதிப் பூசல் உள்ள மாவட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் வம்பு வளரும் என்போரும் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் வதந்தி இன்று வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் ஓடுகிறது; வானொலியில் பேசுகிறவருக்குப் பெயரும் குரலும் உண்டு, நிலையத்துக்கு முகவரி உண்டு.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்கவும் வழியில்லாமல் போன காலம் அது. ஊருக்கு மிஞ்சியது கிராமசபை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அதன் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. கிராமசபை நடவடிக்கையையும் ஊராட்சி வரவு செலவையும் சமுதாய வானொலி தடையின்றி ஒலிபரப்ப அனுமதி வேண்டும் என்று அன்றைக்கு உங்கள் ஊரில் எழுந்து நின்று சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.